கோந்த்வாவில் முன்பனி

எங்கள் வீட்டில் குளிர் வந்ததை முதலில் அறிந்தது இட்லி மாவுதான். 2024 நவம்பர் மூன்றாம் வாரம். இரவு ஒன்பது மணிக்கு உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைத்த மாவு, காலை ஆறரைக்குத் திறந்தபோது வைத்த மட்டத்திலேயே இருந்தது. மேலே ஒரு குமிழிகூட இல்லை. சென்னை ஆதம்பாக்கத்தில் இதே பாத்திரத்தில் இதே அளவு மாவு, விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் வழிந்திருக்கும். தீபாவளி முடிந்து கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "மாவு இன்னும் முழிக்கலையே" என்றாள். அன்று காலை உப்புமா.

மறுநாள் தேங்காய் எண்ணெய். பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளை மெழுகாக உள்ளே உட்கார்ந்திருந்தது. வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். முப்பது ஆண்டு சென்னை வாழ்க்கையில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு உதடு. பிறகு குதிகால். பிறகு, இரவில் கம்பளியை உதறும்போது இருட்டில் பொரியும் சின்னச் சின்ன மின்பொறிகள். கடைசியாக மின்விசிறி. அதை நிறுத்திய முதல் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சுழலும் சத்தத்துக்குள்ளேதான் தூங்கியிருக்கிறேன் என்பது அது நின்றபிறகுதான் தெரிந்தது. தொலைவில் கட்ராஜ் சாலையில் போகும் லாரிகளின் கியர் மாற்றும் ஓசை, யாரோ இருமுவது, எங்கோ ஒரு நாய். குளிர்காலத்துக்கு இத்தனை காது இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரத்தில் புனேவுக்குக் குடிவந்தோம். கணவருக்கு வேலை மாற்றம். புனேயின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது கோந்த்வா. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று இரண்டு பழைய ஊர்கள். குர்த், புத்ருக் இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள். குர்த் என்றால் சின்னது, புத்ருக் என்றால் பெரியது. மகாராஷ்டிரம் முழுக்க இப்படிச் சின்ன ஊர், பெரிய ஊர் என்று இரட்டைகள் உண்டு. இன்று இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. கவுசர் பாக் சந்துகளில் மாலையானால் பாயா சூப்பின் ஆவி; சாளுங்கே விஹார் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் காலையில் விறைப்பாக நடக்கிறார்கள்; கடி மெஷின் சௌக் என்ற பெயரில் ஜல்லி உடைத்த காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம். தெற்கே பார்த்தால் மட்டும் குன்றுகள். போப்தேவ் காட் என்ற மலைச்சாலை அதன் மேல் ஏறி சாஸ்வட் பக்கம் இறங்குகிறது.

புனேக் குளிர் எப்படிப்பட்டது என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எண்களைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. ஏனென்றால் டிசம்பர், ஜனவரிப் பகல்கள் இங்கேயும் சென்னையைப் போலத்தான் 29, 30 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்றால் சுள்ளென்று சுடும். வித்தியாசம் முழுக்க இரவில் இருக்கிறது. சென்னையில் குளிர்கால இரவு 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. புனேயில் 11, 12 என்பது சாதாரணம். கடுமையான வாரங்களில் ஒற்றை இலக்கம். ஒரே நாளில் பங்குனி மதியத்தையும் மார்கழி விடியலையும் உடம்பு பார்த்தாக வேண்டும். காலையில் போட்ட ஸ்வெட்டர் பதினோரு மணிக்குக் கையில் தொங்குகிறது, ஆறு மணிக்கு மறுபடி தோளில் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

காரணம் எளிமையானது, ஆனால் எனக்கு அது புதிதாக இருந்தது. காற்றில் இருக்கும் ஈரம் பூமிக்கு ஒரு போர்வை. பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்குத் திருப்பி அனுப்பும்போது, அந்த ஈரம் பாதியைப் பிடித்துக் கீழேயே வைத்துக்கொள்கிறது. சென்னைக்குக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் போர்வை எப்போதும் உண்டு. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. பருவமழை விலகியதும் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிறது. போர்வை இல்லாத மண் இரவெல்லாம் சூட்டை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வழிந்து அங்கே தேங்குகிறது. அதனால்தான் ஒரே நகரத்தில் பாஷாணும் தேசிய ராணுவ அகாதமி இருக்கும் கடக்வாஸ்லா பக்கமும் நடுங்கும்போது, கட்டடம் நெருங்கிய மகர்பட்டாவில் சில டிகிரி கூடுதலாக இருக்கிறது. குன்றுச் சரிவில் ஏறி இறங்கும் கோந்த்வாவிலும் ஒரே தெருவில் இந்த வித்தியாசம் தெரியும். எங்கள் குடியிருப்பின் வாசலில் உறைக்காத குளிர், கீழே ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது முகத்தில் ஈரத்துணி போட்டதுபோல் அறையும்.

டிசம்பரில் ஒரு நாள் சிவாஜி நகர் வழியாகப் போனபோது ஆட்டோக்காரர் ஒரு சந்திப்பைக் காட்டி, "சிம்லா ஆஃபீஸ் சௌக்" என்றார். புனேயில் சிம்லா எப்படி வந்தது? இந்திய வானிலைத் துறை 1875-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1905-ல் அதன் தலைமையகம் சிம்லாவுக்குப் போனது. 1928-ல் அங்கிருந்து புனேவுக்கு வந்தது. சிம்லாவிலிருந்து வந்த அலுவலகம் என்பதால் மக்கள் அதை சிம்லா ஆஃபீஸ் என்றார்கள். தலைமையகம் 1944-ல் தில்லிக்குப் போய்விட்டது, பெயர் இங்கேயே தங்கிவிட்டது. நூறு ஆண்டுக்கு முன் குளிரூரிலிருந்து மூட்டை கட்டி இங்கே இறங்கிய குடும்பங்களுக்கு இந்த ஊர் வெப்பமாக இருந்திருக்கும். எங்களுக்கு நேர்மாறு. அந்த அலுவலகத்தின் கல் கட்டடத்தை வெளியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அங்கே நின்றபோது அன்னா மணியின் நினைவு வந்தது. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்து, லண்டன் போய்த் திரும்பி, 1948-ல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தவர். வெப்பமானி, காற்றழுத்தமானி என்று எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வாங்கிய காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்ய வழி செய்தார். பீர்மேட்டின் மலைக்குளிரையும் சென்னையின் புழுக்கத்தையும் உடம்பில் அறிந்த ஒரு பெண், இந்தப் பீடபூமியின் குளிரை அளக்கும் கருவியைச் செம்மைப்படுத்தினார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்று காலைச் செய்தியில் வரும் அந்த ஓர் எண், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. புனேயில் இதுவரை பதிவானதில் மிகக் குறைந்தது 1935 ஜனவரி 17-ல், 1.7 டிகிரி. அந்தப் பெட்டிக்குள் 1.7 என்றால், அன்று வெறுந்தரையில் படுத்திருந்தவருக்கு அதைவிடக் குறைவு.

அம்மாவுக்கு இந்த எண்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளிடம் சொற்கள் இருந்தன. "கூதலடிக்குது பிள்ள, அந்தச் சன்னலச் சாத்து" என்பாள் மாலை ஆறு மணிக்கே. கூதல். சென்னைக்கு வந்த சில ஆண்டுகளில் நான் தொலைத்த சொல். அலுவலகத்தில் யாரோ சிரித்ததால் விட்டிருப்பேன். பழந்தமிழில் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். அதற்கடுத்து மார்கழி, தை முன்பனி; மாசி, பங்குனி பின்பனி. பள்ளியில் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சென்னையில் இருந்தவை இரண்டே பருவங்கள், வெயிலும் மழையும். முன்பனியும் பின்பனியும் எனக்கு வெறும் எழுத்தாகவே இருந்தன. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. கூதிரின் வழிவந்த சொல்லை அவள் வாயிலிருந்து, மராட்டிய மண்ணில் ஆறாவது மாடியில் வைத்துத் திரும்பக் கேட்டேன்.

வாடை என்பதும் அப்படித்தான். இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் நாற்றம் என்றுதான் பொருள் கொள்கிறோம். வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. நக்கீரரின் நெடுநல்வாடை அந்தக் காற்றின் பெயரைத் தாங்கிய பாட்டு. அதில் ஒரு செய்தி எனக்கு எப்போதும் பிடிக்கும்: குளிர் வந்ததும் வீட்டில் யாரும் விசிறியைத் தொடவில்லை, சுருக்கி மாட்டிய விசிறியில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குளிர்ந்த நீர் குடிக்காமல் தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சுற்றி அமர்கிறார்கள். கல்லூரியில் இதைப் படித்தபோது அழகான கற்பனை என்று நினைத்தேன். டிசம்பர் நடுவில் ஒரு நாள் எங்கள் படுக்கையறையில் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மாதமாகச் சுழலாத மின்விசிறியின் இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே சிலந்தி ஒன்று நூல் இழுத்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒட்டடைக் குச்சியை எடுக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன்.

இங்கே குளிரைக் கொண்டுவருவதும் வாடைதான். இமயத்தின் பக்கம் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழல்கள் மழையும் பனியும் பெய்துவிட்டு நகர்ந்தபின், அங்கிருக்கும் உலர்ந்த குளிர்காற்று ராஜஸ்தானையும் குஜராத்தையும் தாண்டித் தக்காணத்துக்குள் இறங்குகிறது. வடக்கிலிருந்து எத்தனை தடை இல்லாமல் வருகிறதோ, இங்கே அத்தனை குளிர். அதைத் தடுப்பது நம் பக்கத்துக் கடல். இதை நான் நேரில் அறிந்தது ஃபெஞ்சல் புயலின்போது.

நவம்பர் கடைசியில் கோந்த்வாவில் விறைக்கும் குளிர். 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகராமல் நின்று கொட்டிய மழையில் புதுச்சேரியும் விழுப்புரமும் மூழ்கின. மறுநாள் திருவண்ணாமலையில் நிலச்சரிவு, மண்ணுக்குள் ஒரு குடும்பம். திண்டிவனத்தில் என் சித்தி வீட்டுக்குத் தொலைபேசி போகவில்லை. அந்த இரவுகளில் செய்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஒன்றை உணர்ந்தேன்: என் தோளில் சால்வை இல்லை. குளிர் போய்விட்டிருந்தது. புயலின் மிச்சம் மேற்கே நகர்ந்து அரபிக்கடல் நோக்கிப் போக, அதன் மேகம் மகாராஷ்டிரத்தின் மேலும் பரவியிருந்தது. மண்ணுக்குப் போர்வை கிடைத்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் புனே இரவுகள் சென்னை இரவுகளைப் போல வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும், இந்த வருஷம் தண்டி எங்கே போனது என்று கேட்டுக்கொண்டார்கள். தண்டி என்றால் மராத்தியில் குளிர். எனக்கு அது எங்கே போனது என்று தெரியும். சித்தி வீட்டு வாசலில் இடுப்பளவு தண்ணீராக நின்ற அதே ஈரம், இங்கே எங்கள் கம்பளியை மடித்து வைத்திருந்தது. நான்காம் நாள் சித்தியின் குரல் கேட்டது. அதற்கு அடுத்த வாரம் வானம் தெளிந்து குளிர் திரும்பியது. கார்த்திகை தீபத்தன்று, டிசம்பர் 13, பால்கனியில் நல்லெண்ணெய் விளக்குகள் வாடையில் படபடத்தன.

மார்கழி பிறந்ததும் விடியலே தள்ளிப்போனது. ஜனவரி நடுவில் சென்னையில் ஆறரைக்குச் சூரியன் எழுகிறது. இங்கே ஏழு அடித்துப் பத்து நிமிடம் வரை வருவதில்லை. கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. ஐந்து மணிக்கு எழுந்து கோலம் போடும் பழக்கத்தை அம்மா விடவில்லை. லிஃப்ட் அருகில் இருக்கும் இரண்டடிச் சதுரத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில், தலையில் முக்காடிட்டு உட்கார்ந்து சின்னதாக ஒரு புள்ளிக்கோலம். எதிர்வீட்டுப் பெண்மணியைக் குடியிருப்பில் எல்லோரும் காகூ என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி, அத்தை மாதிரி ஒரு சொல். அறுபதைத் தாண்டியவர். கோலத்தைத் தினமும் நின்று பார்ப்பார். அம்மாவுக்கு மராத்தி தெரியாது, காகூவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அவரவர் மொழியில் அரை மணி நேரம் பேசுவார்கள். மாவுக்கு வழி சொன்னதும் காகூதான். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கோதுமை மாவு டப்பாவுக்குள் இறக்கி வைக்கச் சொன்னார். அப்படியும் பதினாறு மணி நேரம் ஆனது, ஆனால் பொங்கியது. பதிலுக்கு அவர் வீட்டிலிருந்து டிங்க் லட்டு வந்தது. வேலம்பிசினை நெய்யில் பொரித்து, கொப்பரையும் வெல்லமும் பேரீச்சையும் சேர்த்துப் பிடிப்பது. குளிர்காலம் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும் என்றார். சோளரொட்டி நின்று கம்பு ரொட்டி வந்தது. கம்பு சூடு, அதனால் குளிருக்குக் கம்பு. "நம்ம ஊரு கம்பங்கூழ் குளிர்ச்சின்னுதானே வெயிலுக்குக் குடிக்கோம்?" என்று அம்மா குழம்பினாள். ஒரே தானியம், கூழானால் ஒரு குணம், நெருப்பில் சுட்டு எள்ளைத் தூவி நெய்யோடு தின்றால் வேறு குணம் என்று எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன்.

கீழே வாசலில் இரவுக் காவலர்கள் ஷேகோடி என்னும் கணப்பு மூட்டுவார்கள். சுள்ளி, அட்டைப்பெட்டி, கட்டடத்தில் மிஞ்சிய பலகைத்துண்டு, எது கிடைத்ததோ அது. நாங்கள் காகா என்று கூப்பிடும் முதியவர் லாத்தூர்ப் பக்கத்துக்காரர். குரங்குக் குல்லாவும் மப்ளரும், கால் இரண்டிலும் பிளாஸ்டிக் பை சுற்றி அதன்மேல் செருப்பு. எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் தகரக் கொட்டகையில் இருபது குடும்பம். விடியற்காலையில் அந்தப் பிள்ளைகளும் இதே நெருப்புக்கு வந்துவிடும். தகரம் பகலில் அடுப்பு, இரவில் பனிக்கட்டி. நான் மேலே ஆறாவது மாடியில், முன்பனி என்று பழஞ்சொல்லைக் கண்டுபிடித்து மகிழ்ந்துகொண்டிருந்த அதே இரவில், கீழே ஒரு மூன்று வயதுக் குழந்தை நெருப்புக்கு மிக அருகே உறங்கி விழ, அதன் அக்கா தலைமுடியைப் பிடித்து இழுத்ததை ஒருநாள் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். அக்காவுக்கு ஏழு வயது இருக்கும். அதன் பிறகு குளிரைப் பற்றி என் மனத்தில் இருந்த அழகு கொஞ்சம் குறைந்தது, அது குறைய வேண்டியதுதான்.

அந்தப் புகை வேறு. வெப்பமான காற்று மேலே மூடிபோல நிற்க, குளிர்ந்த காற்று தரையோடு கிடக்கும் காலைகளில், ஷேகோடிப் புகையும் கட்டடத் தூசும் வண்டிப் புகையும் போக வழியில்லாமல் தெருமட்டத்திலேயே தங்கும். பால்கனியிலிருந்து பார்ப்பவர்கள் அதை மூடுபனி என்று படம் எடுக்கிறார்கள். பாதி பனி, பாதி இருமல். அம்மாவுக்கு மூன்று வாரம் நெஞ்சுச் சளி. ஏழு மணி நடையை ஒன்பது மணிக்கு மாற்றிய பிறகுதான் விட்டது.

காகாவுக்கு ஒரு கம்பளி வாங்கப் போன இடத்தில்தான் கோதடி என்ற பொருளைப் பார்த்தேன். பழைய பருத்திச் சேலைகளை நான்கைந்து அடுக்காகப் போட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட மெத்தைப் போர்வை. காகூவிடம் கேட்டபோது, விலைக்கு வாங்குவதா, சேலையைக் கொண்டுவா என்றார். அம்மா தன் பெட்டியிலிருந்து இரண்டு சுங்குடிச் சேலைகளை எடுத்தாள். துவைத்துத் துவைத்துத் தோலைப்போல மெலிந்தவை. காகூவின் மூன்று சேலைகள் உள்ளே, சுங்குடி இரண்டு பக்கமும் வெளியே. டிசம்பர் மதியங்களில், வெயில் விழும் பக்கமாகப் பாயை நகர்த்தி நகர்த்தி இருவரும் தைத்தார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சதுரச் சதுரமாக ஓடும் தையல். முதல் கோதடி கீழே காகாவுக்குப் போனது. இரண்டாவது அம்மாவுக்கு. கம்பளி உடம்பின் மேல் கிடக்கும்; கோதடி உடம்போடு படியும். அந்த வித்தியாசத்தைப் போர்த்தினால்தான் அறிய முடியும்.

சென்னையின் மார்கழிக் கச்சேரிகளுக்கு ஏங்கியபோது, இங்கேயும் டிசம்பரில் ஒன்று உண்டு என்றார்கள். பீம்சேன் ஜோஷி தன் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-ல் தொடங்கிய விழா, இப்போது எங்களுக்குப் பக்கத்தில் முகுந்த் நகர் மைதானத்தில் நடக்கிறது. சபா அரங்கமும் குளிர்சாதனமும் இல்லை. பந்தலுக்குக் கீழே ஜமக்காளத்தில் ஆயிரக்கணக்கானோர், தலைமுதல் சால்வை. ஒரு காலத்தில் விடிய விடிய நடந்ததாம். ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு வந்தபின் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு நிற்கிறது. குளிரில் கேட்கும் தம்பூராவுக்கு ஒரு தனிக் கூர்மை இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை டீ ஊற்றினார்.

பொங்கலுக்கு முந்தைய நாள் இங்கேயும் போகி. பழையதை எரிப்பதில்லை, மொச்சை, கத்தரிக்காய், கேரட், பச்சைக் கொண்டைக்கடலை எல்லாம் போட்டு எள்ளுப்பொடி தூவிய ஒரு கூட்டு, கம்பு ரொட்டி. எங்கள் பொங்கல் குழம்பின் அக்காள் மாதிரி இருந்தது. மறுநாள் சங்கராந்தி. காகூ கதவைத் தட்டினார். எள்ளுருண்டையைக் கையில் கொடுத்து, இனிப்பைத் தின்று இனிமையாகப் பேசு என்று அவர்கள் வழக்கப்படி வாழ்த்தினார். கட்டியிருந்ததோ கறுப்புச் சேலை. அம்மா ஒரு கணம் திகைத்துவிட்டாள். பொங்கல் நாளில் கறுப்பா? குளிரின் உச்சத்தில் வரும் பண்டிகை என்பதால், சூட்டைப் பிடித்து வைக்கும் நிறத்தை அன்று உடுத்துவது இவர்களின் வழக்கம். புதுப்பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் கறுப்பு உடை போட்டு, சர்க்கரை முத்துகளில் நகை செய்து பூட்டுவார்கள். இதை நான் விளக்கியதும் அம்மா சொன்னாள்: "சரிதானே. குளிருத ஊருல குளிருக்கு ஏத்த மாதிரிதான சாமி கும்பிடணும்."

ஜனவரியின் கடைசி ஞாயிறு போப்தேவ் காட் ஏறி சாஸ்வட் போனோம். கோந்த்வா புத்ருக்கைத் தாண்டி ஏவலேவாடி வந்ததும் கட்டடங்கள் நின்றுவிட்டன. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால், புனே ஒரு சாம்பல் தட்டுக்கு அடியில் கிடந்தது. எங்களுக்கு மேலே வானம் கழுவிய நீலம். அந்தத் தட்டுக்குள்தான் மூன்று மாதமாக மூச்சு விட்டிருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் காற்று வேறு, மண் வேறு. கர்ஹா ஆற்றை ஒட்டிய நிலத்தில் சோளம் நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கினாள். வரப்பில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். கறுத்த மண், வெடிப்பு விட்டது. "கரிசலு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் சொன்னதை எழுதுகிறேன். கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்துவிட்டால், அதற்குப் பிறகு மழை வேண்டாம். மண் குடித்து வைத்த ஈரமும் மார்கழிப் பனியும் போதும், கொண்டைக்கடலை விளைந்துவிடும். தக்காணத்தின் ரபி சோளமும் அதே கணக்குத்தான். செப்டம்பர், அக்டோபரில் விதைப்பு. கரிசல் சேமித்த ஈரத்தில் வேர், பனியில் இலை, குளிரில் மணி. நான் கம்பளிக்குள் சுருண்டு சபித்த அதே குளிர் இந்தக் கதிருக்குப் பால் பிடிக்க வைத்திருக்கிறது.

அந்தப் பால் பிடித்த பருவத்தில்தான் ஹுர்டா. சாஸ்வட் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் குழிவெட்டி வறட்டி நெருப்பு போட்டிருந்தார். பச்சைச் சோளக்கதிரை அனலுக்குள் செருகி, புரட்டி எடுத்து, சூடாக உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதித் தள்ள வேண்டும். பச்சை மணிகள் மின்னும். பூண்டும் நிலக்கடலையும் இடித்த காரப்பொடி, ஒரு துண்டு வெல்லம். அவர் கசக்கும் வேகத்தைப் பார்த்த அம்மா, "கொண்டாங்க அண்ணாச்சி" என்று தமிழிலேயே கேட்டு வாங்கி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவருடைய கைக்குச் சளைக்காத கை. சின்ன வயதில் காட்டில் காவலுக்கு இருந்தபோது கம்பங்கதிரை இப்படிச் சுட்டுத் தின்போம் என்றாள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அந்தச் சூடு அவள் உள்ளங்கைக்குத் திரும்பியிருக்கிறது. இளஞ்சோளத்துக்குப் பாலும் புகையும் கலந்த ஒரு ருசி. தித்திப்பு கடைசியில்தான் வருகிறது. கிளம்பும்போது அவர் அத்திப்பழம் கொடுத்தார். இந்தப் பக்கத்துப் புரந்தர் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குளிர்காலத்துப் பழத்தைக் கட்டா பஹார் என்கிறார்கள், புளிப்புப் பருவம். இனிப்பது கோடையில் வருவதாம்.

திரும்பும் வழியில் கரும்பு வண்டிகள். தீபாவளி முடிந்ததும் பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்ட வருகிறார்கள்; கோடை தொடங்கும்வரை வயலோரம் கூம்புக் குடிசைகளில் வாசம். ஒரு குடிசை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது கோதடி. அம்மாதான் முதலில் பார்த்தாள். தையலைச் சுட்டிக்காட்டி, "நம்மளதவிட நெருக்கம்" என்றாள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். மாசியில் அதைப் பார்த்தேன். பகல் 33, 34 என்று ஏறிவிட்டது, மரங்கள் இலையைக் கொட்டுகின்றன, ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கிருந்தோ ஒரு குளிர் வந்து எலும்பில் உட்கார்கிறது. பகலில் பாலை, விடியலில் பனி. தொல்காப்பியம் பின்பனியைப் பாலைத் திணையோடு ஏன் சேர்த்தது என்பதற்கு உரையாசிரியர்களின் விளக்கம் இருக்கிறது. எனக்கு அந்த நான்கு மணிக் குளிரே போதுமாக இருந்தது. பிரிந்திருப்பவர்களை எழுப்பிவிடும் நேரம் அது.

பிப்ரவரி 26, சிவராத்திரி. சிவசிவா என்று குளிர் ஓடிவிடும் என்று அம்மா சொன்னாள். காகூ ஒப்புக்கொள்ளவில்லை. ஹோளி எரிந்தால்தான் தண்டி ஓடும் என்பது இவர்கள் கணக்கு. இரண்டு வாரம் வாக்குவாதம். மார்ச் 13 இரவு குடியிருப்பின் வாசலில் ஹோளி எரிந்தது. காகாவும் அந்தப் பிள்ளைகளும் முன்வரிசையில் நின்றார்கள். இந்த முறை நெருப்பை விட்டு எல்லோரும் பின்னுக்கு நகர்ந்தார்கள், வேர்த்தது. மேலே வந்து மின்விசிறியைப் போட்டேன். சிலந்தி எப்போதோ இடம் மாறியிருந்தது.

பங்குனியில் அம்மா கிளம்பினாள். கோதடியைத் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டு மடித்து வைத்திருந்தாள். கோவில்பட்டியில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "அங்க எதுக்கும்மா இது? இங்கேயே இருக்கட்டுமே" என்றேன்.

"மார்கழி வராமலா போகும்?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூட, என்னை மேலே உட்காரச் சொன்னாள்.